முதல் டிரிப் பிள்ளைகள்

ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மாறிகளைச் சொல்லிக்கொடுக்க எனக்கு மூன்று கண்ணாடிக் குவளைகளும் ஒரு பொட்டலம் சீனியும் போதும். ஒன்றில் குளிர்ந்த நீர், ஒன்றில் சாதாரண நீர், ஒன்றில் சுடுநீர். எதில் சீனி முதலில் கரைகிறது? நாம் வேண்டுமென்றே மாற்றியது நீரின் சூடு; அது தற்சார்பு மாறி. அதனால் மாறியது சீனி கரையும் நேரம். அது சார்பு மாறி. குவளை, சீனியின் அளவு, நீரின் அளவு, கலக்கும் கரண்டி இவற்றை மாறவிடாமல் பிடித்து வைத்தோம். அவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் பதினாறு வருடமாக இதைச் சொல்லி வருகிறேன். பிள்ளைகள் பரீட்சையில் சரியாக எழுதுவார்கள். கடைசியில் சீனித் தண்ணீரையும் குடித்துவிடுவார்கள். அதற்கு மேல் இந்தப் பாடத்தில் ஒன்றும் இல்லை என்றுதான் நாற்பத்திரண்டு வயது வரை நினைத்திருந்தேன்.

முதுகலைப் படிப்பில் சேர்ந்தது ஒரு வீம்பில். என்னைவிடப் பத்து வயது இளைய ஆசிரியை ஒருத்தி படித்து முடித்துப் பட்டமளிப்புப் படத்தை ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் காட்டினாள். அடுத்த வாரமே நான் விண்ணப்பம் போட்டேன். வகுப்புகள் சனிக்கிழமைகளில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில். கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, புடவைக் கடைகளின் ஒலிபெருக்கிச் சத்தத்தைக் கடந்து பத்து நிமிடம் நடக்க வேண்டும். ஆய்வுத் தலைப்புக்கு நான் வெளியே அலையவில்லை. என் வகுப்பையே எடுத்துக்கொண்டேன். இரண்டாம் ஆண்டில் எழுத்துக்கூட்டித் தடுமாறும் பிள்ளைகளுக்காக, காலை ஆறு ஐம்பதிலிருந்து ஏழு இருபது வரை, பள்ளி மணி அடிக்கும் முன், நான்கு வருடமாக நானாகவே நடத்திவந்த வாசிப்பு வகுப்பு அது. அது பலன் தருகிறது என்று எனக்குத் தெரியும். ஊருக்கும் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

வகுப்புக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் முதல் டிரிப் பிள்ளைகள். எங்கள் பள்ளி வேன் காலையில் இரண்டு தடவை ஓடும். தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் அம்மா அப்பாக்கள் விடியும் முன்பே தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதனால் பிள்ளைகளை முதல் டிரிப்பிலேயே ஏற்றிவிடுவார்கள். ஆறேகாலுக்கெல்லாம் அரைத்தூக்கத்தோடு பள்ளியில் இறங்கிவிடும் பிள்ளைகள். வீட்டில் கதைப்புத்தகம் கிடையாது, உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க யாருக்கும் நேரம் கிடையாது. அப்படிப்பட்ட பிள்ளைகள் ஆண்டு முடிவில், காரில் வந்து இறங்கும் பிள்ளைகளைவிட நன்றாக வாசித்தார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நானே முதுகில் தட்டிக்கொள்வேன்.

ஆய்வுக்காக, வகுப்புக்கு வந்தாலும் வராவிட்டாலும், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைத்து, நானே எழுதிய ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்தேன். ஒரு குடும்பம் மோரிப் கடற்கரைக்குப் போகிற சின்னப் பத்தி. முன்பல் விழுந்த ஒரு சிறுமி, முதல் டிரிப்பில் வருகிறவள், தடுமாறாமல் வாசித்துக்கொண்டே போனாள். ‘அப்பா, அம்மா, அண்ணன், மாமா, அத்தை’ என்று நான் எழுதியிருந்த இடத்தில் குரலைத் தாழ்த்தி, நிறுத்தி நிறுத்தி வாசித்து, ‘மற்றும் உற்றார் உறவினர்’ என்று சேர்த்து முடித்தாள். பத்தியில் அப்படி ஒரு சொல்லே இல்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு, ‘இல்லாததைச் சேர்த்து வாசித்தல்: ஒரு பிழை’ என்று குறித்தேன். அன்று மாலைக்குள் இன்னும் ஐந்து பிள்ளைகளுக்கு அதே பிழையைக் குறித்தேன். ஒருவரைப் பார்த்து ஒருவர் பழகியிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

என் ஆய்வு மேற்பார்வையாளர் என் வயதுக்காரர். பிரிக்பீல்ட்ஸிலேயே துணிக்கடை வைத்திருந்த ஒரு தமிழ் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர், பேச்சில் கறார் என்றால் அப்படி ஒரு கறார். வகுப்புக்கு வருவது தற்சார்பு மாறி, வாசிப்புத் திறன் சார்பு மாறி என்று நான் வரைந்துகொண்டு போன படத்தை அவர் நிறைய நேரம் பார்த்தார். பிறகு, அந்த வகுப்புக்கு யார் வர வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள் என்று கேட்டார். யாரும் முடிவு செய்வதில்லை, சீக்கிரம் வருகிறவர்கள் வருவார்கள் என்றேன். அப்போதுதான் அவர் ஒரு பொம்மைக் கதையைச் சொன்னார்.

“எங்க அத்தா கடையில ஒரு பொம்மை இருந்துச்சு டீச்சர். வருசா வருசம் அதுக்குச் சிவப்புப் பட்டு கட்டி வாசல்ல நிப்பாட்டுவாரு. நிப்பாட்டின மறுநாளே கூட்டம் அள்ளும். அந்தப் பொம்மை ராசின்னு மௌத்தாகுற வரைக்கும் நம்புனாரு. அவரு அத வாசலுக்குக் கொண்டு வர்றது எப்பவும் தீபாவளிக்கு ரெண்டு வாரம் முன்னால.”

கூட்டம் கூடவும் தீபாவளிதான் காரணம், பொம்மை வாசலுக்கு வரவும் தீபாவளிதான் காரணம். இரண்டுக்கும் பின்னால் நின்றுகொண்டு, ஒன்றுதான் மற்றதைச் செய்தது என்று நம்மை நம்ப வைக்கிறதே, அதற்குக் குழப்பும் மாறி என்று பெயர். அதைத் தேடாமல் இந்த ஆய்வு நகராது என்றார். அப்படியானால் நான் அந்தப் பொம்மையா என்று கேட்டேன். எனக்குக் கோபம் வந்தால் முகம் சிவப்பதை மறைக்கத் தெரியாது. அவர் சிரிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. தெரியாது, தேடிப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

ரயிலில் திரும்பும்போது மனதுக்குள் அவரை வறுத்தெடுத்துக்கொண்டே வந்தேன். நான்கு வருடம் அதிகாலையில் எழுந்து ஓடியவள் நான். மூன்றாவது மாடியில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன தெரியும் என்று. ஆனால் சுபாங் ஜெயா தாண்டியபோது எதிர் இருக்கையில் சட்டைப் பொத்தான்களைத் துளை மாற்றிப் போட்டிருந்த ஓர் ஆள் தூங்கிக்கொண்டிருந்தார். தூக்கக் கலக்கம் என்று முதலில் நினைத்தேன். ஏன் இருட்டில் மாட்டியிருக்கக் கூடாது? ஏன் விளக்குப் போட்டால் எழுந்துவிடும் ஒரு குழந்தை அந்த அறையில் இருக்கக் கூடாது? அப்படிக் கேட்கத் தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. அந்தப் பெட்டியில் இருந்த ஒவ்வொருவர் பின்னாலும் ஒரு காரணம், அதன் பின்னால் இன்னொன்று என்று வரிசை போய்க்கொண்டே இருந்தது. சீனித் தண்ணீரில் இதையெல்லாம் நான் பார்த்ததே இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது. பயமும் கொஞ்சம் இருந்தது.

வீட்டில் பதிவுகளை மறுபடியும் கேட்டேன். இந்த முறை பிழைகளை எண்ணவில்லை, குரலைக் கேட்டேன். ‘மற்றும் உற்றார் உறவினர்’ என்று சேர்த்த ஆறு பேரும் முதல் டிரிப் பிள்ளைகள். அதில் இரண்டு பேர் என் வகுப்புப் பக்கமே தலைகாட்டாதவர்கள்; ஆறு ஐம்பதுக்கு நான் கூப்பிட்டால் திடலுக்கு ஓடிவிடும் ரகம். அவர்களும் மற்ற நால்வரைப் போலவே நன்றாக வாசித்திருந்தார்கள். 

திங்கட்கிழமை முதல்முறையாக ஆறேகாலுக்குப் பள்ளிக்குப் போனேன். இத்தனை வருடத்தில் அந்த நேரத்தில் நான் கேன்டீனை எட்டிப் பார்த்ததில்லை. ஆறே முக்காலுக்கு வந்து நேரே வகுப்பறைக்குப் போய்விடுவேன். வானம் இன்னும் கருப்பாகவே இருந்தது. கேன்டீனில் ஒரே ஒரு விளக்கு. கேன்டீன் நடத்தும் அக்கா நீள மேசையின் ஒரு முனையில் நின்று நாசி லெமாக் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். வாழையிலைத் துண்டு, அதில் சோறு, சம்பால், நெத்திலி, வெளியே பழைய தமிழ்ப் பேப்பர். மேசையைச் சுற்றி முதல் டிரிப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர். முன்பல் விழுந்த அந்தச் சிறுமி நாற்காலிமேல் முட்டி போட்டு, பேப்பரை விரித்து வைத்து வாசித்துக்கொண்டிருந்தாள்.

அது மரண அறிவிப்புப் பக்கம். கட்டம் கட்டமாகக் கருப்புக் கோடு போட்டு, படத்தோடும் படமில்லாமலும் வருமே, அந்தப் பக்கம். பெயர், வயது, எந்த ஊர், முன்பு எந்தத் தோட்டம், எத்தனை மணிக்குத் தகனம், எந்த மின்சுடலை. பிறகு இழந்து வாடுபவர்கள்: மனைவி, மகன்கள், மருமகள்கள், மைத்துனர், சம்பந்தி, பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரன். ஏழு வயதுப் பிள்ளை ‘மைத்துனர்’ என்ற சொல்லை ஒரு தடவைகூட இடறாமல் வாசித்தது. நான்கைந்து வயது மூத்தவர்களே அதில் விழுவார்கள். வாசிப்பவள் வயதையோ ஊரையோ தாவினால், அக்கா கையை நிறுத்தி, “விட்டுட்டியேம்மா” என்பார். அவள் திரும்பிப் போய் வாசிப்பாள். கடைசியாக, ‘மற்றும் உற்றார் உறவினர்’. அதன் பிறகே அக்கா அந்தத் தாளை எடுத்துப் பொட்டலம் மடித்தார். அடுத்த தாள் அடுத்த பிள்ளைக்குப் போனது.

தூணுக்குப் பின்னால் நின்று இருபது நிமிடம் பார்த்தேன். நான் வகுப்பில் வண்ண அட்டை, படக்கதை, நட்சத்திர ஸ்டிக்கர் என்று என்னென்னவோ கொண்டு வருவேன். இங்கே ஸ்டிக்கர் எதுவும் இல்லை. யாரும் யாரையும் பாராட்டவில்லை. கேட்கிற ஒருவருக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது. தெரிய வேண்டும் என்று வாசித்தார்கள். அவ்வளவு பெரிய ஒன்று, என் வகுப்பறையிலிருந்து முப்பது அடி தூரத்தில், ஒவ்வொரு காலையும் நடந்திருக்கிறது. நான் வாய் பிளந்து நின்றேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த வார இறுதியில் அட்டவணையில் நெடுக்காக ஒரு புதிய பத்தி சேர்த்தேன். முதல் டிரிப்பா, இல்லையா. அதைச் சேர்த்துக் கணக்கிட்டதும் என் வகுப்பு காணாமல் போய்விட்டது. முதல் டிரிப்பில் வந்தவர்கள், என் வகுப்புக்கு வந்தாலும் வராவிட்டாலும் ஒரே அளவுக்கு முன்னேறியிருந்தார்கள். அப்பா காரில் சீக்கிரம் கொண்டுவந்து என் வகுப்பில் மட்டும் உட்கார வைத்த பிள்ளைகள் மற்ற கார் பிள்ளைகளைப் போலத்தான் இருந்தார்கள். நான்கு வருடக் காலைப் பொழுதுகள். நான் அழுதேன். அழுது முடித்துவிட்டு, அந்த ஒரு பத்தியை மட்டும் அழித்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்று யோசித்தேன். மேற்பார்வையாளரிடம் கேன்டீன் பற்றி இன்னும் வாய் திறக்கவில்லை. பத்தி இல்லாவிட்டால் என் வகுப்பு மறுபடி உயிரோடு வந்துவிடும். இரண்டு முறை அழித்தேன், இரண்டு முறை திரும்பக் கொண்டுவந்தேன்.

கடைசியில் ஒரு குறுக்கு வழி தோன்றியது. ஒருவரைக் கவனித்து ஆய்வில் எழுத வேண்டுமானால் அவருடைய எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். கேன்டீன் அக்கா சம்மதிக்க மறுத்தால் நான் அதை எழுதவே முடியாது. பழியும் என்மேல் வராது. அவர் மறுக்க வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டே மறுநாள் காலை சம்மதப் படிவத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

பசியாறிட்டீங்களா என்று அக்கா கேட்டார். படிவத்தை நீட்டினேன். அவர் அதை அந்தச் சிறுமியிடம் கொடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் படிவத்தை நீட்டியிருக்கிறோமே என்று அப்போதுதான் உறைத்தது. சிறுமி, ‘இந்த ஆய்வில் தங்கள் பெயர் வெளியிடப்படாது’ என்பதை அதே தாழ்ந்த குரலில், யாரோ காலமாகிவிட்டது போல வாசித்தாள். பிள்ளைகள் இறுதியில் ‘மற்றும் உற்றார் உறவினர்’ வருமா என்று காத்திருந்த மாதிரி இருந்தது. வரவில்லை.

நான் அக்காவிடம், பேப்பர் ஒரு வாரம் பழையது, காரியமெல்லாம் முடிந்திருக்கும், இப்போது தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். அவர் கையில் இருந்த இலையைத் துடைத்து முடித்தார். பிறகு பிள்ளைகளைக் கைகழுவி வரச் சொல்லி அனுப்பிவிட்டுச் சொன்னார்.

“எங்க பெரியக்கா தெலுக் பங்லிமா காராங் பக்கம் இருந்திச்சு டீச்சர். ஒரு பேச்சு, ஒரு சண்ட, ஆறு வருசம் போக்குவரத்து இல்ல. அது வீடும் மாறி, போன் நம்பரும் மாறிப் போச்சி. செத்த சேதி எனக்கு வரல. ரெண்டு மாசம் கழிச்சி ஒரு சொந்தக்காரங்க பேப்பர் துண்ட கொண்டாந்து காட்டுனாங்க. படம் கூட போடல, சின்னதா. திருப்பிப் பாத்தேன். பின்பக்கம் பாதி மஞ்ச டிராக்டர். அந்த டிராக்டர எனக்குத் தெரியும், அதே பேப்பரு எங்கிட்டயும் வந்திச்சு. நடுவுல கிழிச்சி நான்தான் பொட்டலம் கட்டுனேன்.”

 அவர் அடுத்த இலையை எடுத்தார்.

“கருமாதிக்குப் போறதுக்கு இல்ல டீச்சர். யாருன்னு கேக்காம எப்புடி மடிக்கிறது?”

சம்மதமா என்று நான் கேட்கக்கூட இல்லை. அவரே பேனாவை வாங்கி, படம் வரைவது போலத் தன் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தார். அவருக்கு எழுதத் தெரிந்தது அது ஒன்றுதான். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பத்தியை அழிக்க என்னால் முடியவில்லை.

சனிக்கிழமை மேற்பார்வையாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அழித்து அழித்து எழுதியது உட்பட. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கடைசி வரை கேட்டார். பிறகு வெள்ளைப் பலகையில் வேன் என்று எழுதி, அதிலிருந்து கேன்டீன் மேசைக்கு ஒரு கோடு, மேசையிலிருந்து வாசிப்புக்கு ஒரு கோடு போட்டார். வேன் தானாக யாருக்கும் வாசிக்கக் கற்றுக்கொடுப்பதில்லை. அது பிள்ளைகளை மேசைக்குக் கொண்டு வருகிறது, மேசைதான் கற்றுக்கொடுக்கிறது. நடுவில் இருந்து வேலை செய்யும் அந்த மேசைக்கு இடையீட்டு மாறி என்று பெயர். அவர் ஓரமாக எழுதிய என் வகுப்பு, வாசிப்புக்குக் கோடு எதுவும் இல்லாமல் நின்றது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் பார்த்திருக்க வேண்டும், அதன் மேல் கை வைக்காமல் விட்டுவிட்டார்.

எங்கே இது தொடங்குகிறது என்று கேட்டேன். ஏழு வயதுப் பிள்ளை ‘மைத்துனர்’ என்று வாசிக்கிறது. அதற்குக் காரணம் ஒரு மேசை. மேசைக்குக் காரணம் வாசிக்கத் தெரியாத ஒருவர். அவருக்குக் காரணம் ஒரு மஞ்சள் டிராக்டர், அதற்கு முன் பேச்சுவார்த்தை இல்லாத ஆறு வருடம், என்னவென்று யாரும் சொல்லாத ஒரு சண்டை. இதில் தற்சார்பு மாறி எது? 

“அது நம்ம டேட்டா டேபிள்ல வராது டீச்சர். எவ்வளவு பெரிய டேபிள் போட்டாலும் அதுக்கு வெளியதான் நிக்கும்.”

அவருடைய குரலில் அன்று கறார் இல்லை. வகுப்புக்குப் பலன் இல்லை என்பதை எழுதினேன். எழுதிய அத்தியாயத்தைத் தலைமையாசிரியருக்கும் கொடுத்தேன். என் வகுப்பை நிறுத்திவிட்டேன். இப்போது ஆறேகாலுக்குப் போய் அக்காவுக்கு இலை துடைத்துக் கொடுக்கிறேன். காரில் வரும் பிள்ளைகளையும் சீக்கிரம் கொண்டுவந்து விடச் சொல்லிப் பெற்றோரிடம் நச்சரிக்கிறேன். எதற்கு என்று கேட்டால், சாவு அறிவிப்பு வாசிக்க என்று சொல்ல முடியுமா? வாசிப்புப் பயிற்சி என்று சொல்லிவைக்கிறேன்.

ஆய்வில் யாருடைய பெயரும் வரக்கூடாது. ஆனால் முதல் பக்கங்களில் ஒரு பக்கம் ஆய்வாளரின் சொந்தப் பக்கம், அதில் யாருக்கு வேண்டுமானாலும் காணிக்கை எழுதலாம். அக்காவிடம் அனுமதி கேட்டு, அவருடைய பெரியக்காவின் பெயரும் வயதும் ஊரும் கேட்டு எழுதிக்கொண்டேன். பேப்பரில் வருவது போலவே கட்டம் கட்டி, கருப்புக் கோடு போட்டு அச்சடித்தேன். நூலகத்தில் இதற்கு என்ன சொல்வார்களோ தெரியாது. மேற்பார்வையாளர் பார்த்துவிட்டு ஒரு புள்ளியை மட்டும் திருத்தினார்.

தடித்த அட்டை போட்டு வந்த பிரதியைக் கேன்டீனுக்கு எடுத்துப் போனேன். இப்போது அந்தச் சிறுமிக்கு முன்பல் முளைத்துவிட்டது. பக்கத்தைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு தொடங்கினாள். பெயர். வயது. தெலுக் பங்லிமா காராங். கணவர் பெயர், மகன் பெயர். பிறகு, இவரை இழந்து வாடும் உடன்பிறந்த தங்கை என்று போட்டு, கேன்டீன் அக்காவின் பெயர். அக்கா பாதி மடித்த பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ‘மற்றும் உற்றார் உறவினர்’ என்று முடித்துவிட்டுச் சிறுமி, வழக்கப்படி, தாளை அவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று புத்தகத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

அக்கா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்தைத் தொடாமல், “இன்னொரு வாட்டி படிம்மா” என்றார்.